அசோகர் ஆசீவகர்களைக் கொன்றாரா, அவர்களுக்குக் குகை கொடுத்தாரா?

ஏடுதேடி:
அசோகரைப் பற்றிய பௌத்தக் கதைநூலான அசோகாவதானத்தில் ஒரு கதை வருகிறது. வங்கப் பகுதியிலிருந்த புண்டரவர்த்தனத்தில் ஒருவர், புத்தர் நிகண்டர் எனப்பட்ட சமண முனிவரின் காலில் விழுந்து வணங்குவது போலப் படம் வரைந்தாராம். அதைக் கேள்வியுற்ற அசோகர் வெகுண்டு, அங்கிருந்த ஆசீவகர்கள் (எல்லாம் ஊழின்படியே நடக்கும் என்று கொண்ட பழைய துறவுச் சமயத்தார்) 18,000 பேரை ஒரே நாளில் கொல்வித்தாராம். ஆனால் கயைக்கு வடக்கே உள்ள பராபர் குன்றில், அதே அசோகர் ஆசீவகத் துறவிகளுக்குக் குகை கொடையளித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. ஒரே அரசரைப் பற்றிய இந்த இரண்டில் எதை நம்புவது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்லெழுத்து:
கல்வெட்டைத்தான் நம்ப வேண்டும் என்பது என் கருத்து. பராபரில் சுதாமா, விசுவகர்மா என்று இன்று வழங்கும் இரு குகைகளையும் முடிசூடிய 12ஆம் ஆண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 257இல், பியதசி அரசன் (அசோகரின் பட்டப்பெயர்) ஆசீவகர்களுக்கு அளித்தான் என்று அங்கேயே வெட்டப்பட்டிருக்கிறது. சுதாமா குகையில் நீண்ட கூடத்துக்கு அப்பால், கவிந்த கூரையோடு ஒரு வட்ட அறை கருங்கல்லில் குடையப்பட்டிருக்கிறது. கூடத்துச் சுவர்கள் உருவம் தெரியும் அளவுக்கு மெருகேற்றப்பட்டவை. ஊர் ஊராகத் திரிந்த துறவிகள் மழைக்காலத்தில் ஒதுங்கியிருக்க இத்தனை உழைப்பைச் செலவிட்ட அரசர், அவர்களைப் பகைத்தவராக இருந்திருப்பார் என்று எண்ண இயலவில்லை.

பிற்காலத்தில் மனம் மாறியிருக்கலாமே என்று கேட்டால், அதற்கும் விடை கல்லிலேயே உண்டு. 27ஆம் ஆட்சியாண்டில் வெளியிட்ட ஏழாம் தூண் சாசனத்தில், தரும மகாமாத்திரர்கள் எனப்பட்ட அறநெறி அதிகாரிகள் பௌத்தச் சங்கத்தார், பிராமணர், ஆசீவகர், நிகண்டர் ஆகிய அனைவரின் நலன்களையும் கவனிக்கிறார்கள் என்று அவரே சொல்கிறார். அவருடைய பேரன் தசரதனும், முடிசூடிய உடனேயே அருகிலுள்ள நாகார்ச்சுனிக் குன்றில் மூன்று குகைகளை ஆசீவகர்களுக்கு மழைக்கால உறைவிடமாக, கதிரும் நிலவும் உள்ளளவும் என்று எழுதிக் கொடுத்தான்.

அவதானக் கதையோ அசோகருக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து நூல்வடிவம் பெற்றது. அதே கதையின் தொடர்ச்சியில், நிகண்டர் ஒருவரின் தலையைக் கொண்டு வருபவர்க்கு ஒரு தீனாரம் பரிசு என்று அரசர் பறையறைவிக்கிறார். மௌரியர் காலத்தில் புழங்கியவை முத்திரை குத்திய வெள்ளிக்காசுகளே. தீனாரம் குசாணர் காலத்துப் பொற்காசு. கதை எப்போது உருவானது என்பதை அந்தக் காசே சொல்லிவிடுகிறது.

நடுநிலை:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதிலிருந்து அசோகர் யாரிடமும் கடுமை காட்டாதவர் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில், கலிங்கப் போரில் ஒரு இலட்சம் பேர் மடிந்ததற்காக வருந்தும் அதே அரசர், காட்டுவாசிகளைப் பார்த்து, தமக்குத் தண்டிக்கும் வலிமை இருக்கிறது என்று எச்சரிக்கவும் செய்கிறார். சாரநாத், சாஞ்சி, கௌசாம்பி ஆகிய இடங்களில் உள்ள சாசனங்களோ சங்கத்தைப் பிளக்கும் பிக்குவுக்கும் பிக்குணிக்கும் துறவாடைக்குப் பதிலாக வெள்ளுடை உடுத்தி வெளியேற்றச் சொல்கின்றன. சமயம் குறித்த அவருடைய கண்டிப்பு தம் சொந்தச் சங்கத்தின் மீதே பாய்ந்தது. பிறர் சமயத்தை இகழாமல் நாவடக்கம் காக்க வேண்டும் என்பதுதான் பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தின் அறிவுரை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். கதையில் படம் வரைந்தவர் நிகண்டரின் அடியார்; தண்டனை பெறுபவர்களோ ஆசீவகர்கள். இரு சமயத்தாரையும் நூலாசிரியர் குழப்பிக்கொண்டிருக்கிறார். புத்தரை இகழ்ந்தால் அரசனே வாளெடுப்பான் என்று காட்டுவதுதான் அவருக்கு முக்கியம். யாரைக் கொன்றான் என்பதில் அக்கறை இல்லை.

வைகைக்கரை:
தமிழகத்தில் இதே ஆசீவகர்கள் எவ்வளவு இயல்பாகத் தென்படுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. சிலப்பதிகாரத்தின் நீர்ப்படைக் காதையில், மதுரையில் நடந்ததைக் கேட்டதும் கோவலனின் தந்தை பௌத்தப் பள்ளியிலும், கண்ணகியின் தந்தை ஆசீவகரிடத்தும் துறவு மேற்கொள்கிறார்கள். சம்பந்திகள் இருவரும் இரு வேறு சமயங்களுக்குச் சென்றதைக் கவிஞர் சண்டையாகக் காட்டவில்லை. மணிமேகலையும் வஞ்சியில் ஆசீவகர் ஒருவரிடம் அவர்களின் ஆசான் மற்கலியின் கொள்கையைக் கேட்டறிகிறாள். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்களையும், கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரையிலான ஆறு நிறப் பிறவிகளையும் அவர் விளக்குகிறார். மணிமேகலை பௌத்தக் காப்பியம் என்பதால் அவள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் முழுவதும் கேட்ட பிறகே நகர்கிறாள்.

ஏடுதேடி:
நன்றி. ஒரு சிறு ஐயம்: பராபரில் அசோகருடைய மூன்றாவது கல்வெட்டும் ஆசீவகர்களைக் குறிப்பிடுகிறதா?

கல்லெழுத்து:
கரண் சௌபார் குகையில் 19ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. அது மழைக்காலத்தைச் சுட்டுகிறது. ஆசீவகர் பெயரைத் தெளிவாகச் சொல்லவில்லை. பெயர் உள்ள சில கல்வெட்டுகளிலும், மற்ற எழுத்துகளை விட்டுவிட்டு, ‘ஆசீவகர்’ என்ற இடத்தை மட்டும் பிற்காலத்தில் யாரோ உளியால் கொத்தியிருக்கிறார்கள். பிற்கால மௌகரி அரச மரபின் அனந்தவர்மன் இந்தக் குன்றுகளுக்கு வந்தபோது, உலோமச முனி குகையில் கண்ணன் திருவுருவத்தையும், நாகார்ச்சுனிக் குகை ஒன்றில் காத்தியாயனியையும் நிறுவினான்.