ட்வின் பீக்ஸ் மூன்றாம் சீசனைத் தொடங்கலாமா?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 1990-91இல் வந்த ட்வின் பீக்ஸ் என்ற அமெரிக்க டிவி தொடரின் 30 எபிசோடுகளையும் இப்போதுதான் பார்த்து முடித்தேன். கதாநாயகனான எஃப்.பி.ஐ. அதிகாரி கூப்பரை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படித் தூங்குவது?

2017இல் மூன்றாம் சீசனாகத் திரும்பி வந்தபோது 18 எபிசோடுகளையும், தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்சே இயக்கியிருக்கிறார். அதுதான் பெரிய நம்பிக்கை. ஆனால் ஷெரிஃப் ட்ரூமனாக நடித்த மைக்கேல் ஆன்ட்கீன் அதில் இல்லை. அவரும் கூப்பரும் காபி குடித்துக்கொண்டு பேசும் காட்சிகளால்தான் அந்த ஊரே எனக்குப் பிடித்துப்போனது. அந்தப் பாசம் போய் வெறும் இருட்டு மட்டும் மிஞ்சியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

சரி, 1992இல் வந்த ட்வின் பீக்ஸ் திரைப்படத்தை முதலில் பார்த்தே ஆக வேண்டுமா? அப்புறம், வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்கவா, ஒரே மூச்சில் பார்க்கவா? பார்த்தவர்கள் கதையை உடைக்காமல் சொல்லுங்கள்.