ட்சுகிஜி மீன் சந்தையில் வழிகாட்டியோடு சுவைப் பயணம்: எதைப் பார்த்துப் பதிவு செய்வது?

அக்டோபர்_பயணி

அக்டோபர் இரண்டாம் வாரம் டோக்கியோ போகிறோம், நாலு பேர். நான் எல்லாம் சாப்பிடுவேன். தம்பிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். மனைவி முட்டை வரைக்கும்தான், மீன் கிடையாது. அப்பாவுக்கு 68 வயது. பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார்.

காலை 8:30-க்குத் தொடங்கி மூன்று மணி நேரம் நடக்கிற பயணங்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. தலைக்கு 10,000 முதல் 16,000 யென் வரை கேட்கிறார்கள். சூரை மீன் ஏலமும் இதில் வருமா? மனைவிக்கும் அதே காசைக் கட்டுவதில் அர்த்தம் உண்டா? அப்பா பச்சை மீன் சாப்பிடலாமா? இல்லை, வழிகாட்டியே வேண்டாம், நாமே சுற்றிவிடலாம் என்பீர்களா?

நெய்தல்

ஏலத்தை முதலில் முடித்துவிடுவோம், பலரும் ஏமாறுவது அங்கேதான். ட்சுகிஜியில் இப்போது ஏலம் கிடையாது. 1935 முதல் அங்கே நடந்த மொத்தச் சந்தை 2018 அக்டோபர் 6-ஆம் தேதி மூடி, 11-ஆம் தேதி டொயோசுவில் திறந்தது. ட்சுகிஜியில் இருப்பது ‘ஜோகாய்’ எனப்படும் வெளிச்சந்தை. நானூற்றுச் சொச்சம் கடைகள்: மீன், கருவாடு, கடற்பாசி, ஊறுகாய், கத்தி, பாத்திரம், சாப்பாடு. சுவைப் பயணம் என்பது இந்தச் சந்துகளில்தான். விளம்பரத்தில் ஏலக்கூடத்தின் படம் இருந்தால் ஒன்று அது பழைய படம், இல்லையென்றால் டொயோசுவையும் சேர்த்த பயணம். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் டொயோசுவுக்கு விடிகாலை ஐந்தரைக்குள் போய்ச் சேர வேண்டும். ஏலத் தளத்துக்குப் பக்கத்திலுள்ள பார்வை மேடைக்கு முந்தின மாதமே இணையத்தில் விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வர வேண்டும். வராதவர்கள் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இலவசமாகப் பார்க்கலாம். வாங்க வந்தவர்கள் வால் வெட்டிய இடத்தில் டார்ச் அடித்துக் கொழுப்பையும் நிறத்தையும் சோதிப்பது அங்கிருந்தே தெரியும். அந்த ஒரு வெட்டுமுகத்தை வைத்துத்தான் விலை போகிறது. 2019 புத்தாண்டு முதல் ஏலத்தில் 278 கிலோ மீன் ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது (அது மீனின் விலை மட்டுமல்ல, விளம்பரச் செலவும் சேர்த்து). ஆனால் 68 வயதுக்காரரை வைத்துக்கொண்டு ஏலத்தையும் 8:30 பயணத்தையும் ஒரே காலையில் கோக்க வேண்டாம். மூன்று மணி நேரப் பயணம் என்றால் பெரும்பாலும் நின்றபடிதான்.

அடுத்து, நாள். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் பல புதன்கிழமைகளும் சந்தைக்கு விடுப்பு. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை ஜப்பானில் விளையாட்டு தினம், அரசு விடுமுறை. சரியாக உங்கள் வாரத்தில் வருகிறது. இதில் ஒரு சிக்கல்: விடுப்பு நாளிலும் சுற்றுலாப் பயணிகளை நம்பும் கடைகள் சில திறந்திருக்கும், சில நிறுவனங்கள் பயணத்தையும் நடத்தும். பாதிக் கதவு சாத்திய சந்துகளில் முழுக் காசு கொடுத்து நடக்க வேண்டியிருக்கும். சந்தையின் நாட்காட்டி இணையத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள். செவ்வாய், வியாழன், வெள்ளி நல்லது. சனிக்கிழமை எல்லாம் திறந்திருக்கும், ஆனால் நகர முடியாது.

8:30 சரியான நேரம்தான். 9 மணி வரை உணவகக்காரர்கள் கொள்முதல் செய்கிற நேரம்; மற்றவர்கள் அதற்குப் பிறகு வரும்படி சந்தையே கேட்டுக்கொள்கிறது. விவரமான வழிகாட்டி அந்த முதல் அரைமணியை ஹோங்கான்ஜி கோயிலிலோ நாமியோகே இனாரி ஆலயத்திலோ வரலாறு சொல்லிக் கழித்துவிடுவார். ஹோங்கான்ஜியை விட்டுவிடாதீர்கள். 1934-இல் இட்டோ சூட்டா என்ற கட்டடக் கலைஞர் இந்திய பௌத்தக் கட்டடங்களின் சாயலில் கட்டியது, பார்த்ததும் நமக்குப் பிடிபடும். 11 மணிக்குத் தொடங்கும் பயணத்தை மட்டும் எடுக்காதீர்கள்: நெரிசல் உச்சத்தில் இருக்கும், நல்ல பொருள் தீர்ந்திருக்கும், 2 மணிக்கு ஷட்டர் இறங்கும்.

பதிவு செய்யும் பக்கத்தில் விலையைவிட இந்த நாலைப் பாருங்கள். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் போனால் சந்துக்குள் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தியா, ‘அங்கே வாங்கிக்கொள்ளலாம்’ வகையா? கடைசியில் உட்கார்ந்து சாப்பிடும் சூஷி உண்டா? வழிகாட்டியிடம் அரசு உரிமம் உண்டா? 2018 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாதவர்களும் காசு வாங்கி வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. உரிமம் இல்லாதவர் மோசம் என்றில்லை. மீன் தெரிந்தவரா என்பதுதான் முக்கியம்.

தாஷி_ரசிகை

உங்கள் மனைவிக்கு முழுக் கட்டணம் வீண். ஏன் என்று சொல்கிறேன்.

‘முட்டை சாப்பிடுவார்’ என்றதும் எல்லா வழிகாட்டியும் நேராகத் தமாகோயாகி கடைக்குக் கூட்டிப்போவார். சதுரத் தவாவில் சுருட்டிச் சுருட்டிச் சுடும் முட்டை, குச்சியில் செருகித் தருவார்கள். பார்க்கச் சைவ ஆம்லெட் மாதிரி இருக்கும். ஆனால் முட்டையோடு சேர்க்கிற தாஷி என்ற சாறு காட்சுவோபுஷியில் இறக்கியது. காட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, இலங்கைச் சமையலில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி: அதே வரிச்சூரை, வேகவைத்துப் புகைபோட்டு மரக்கட்டை போல உலர்த்தியது. மிசோ (சோயா விழுது) சூப், இனாரி சூஷியின் தோல் (பொரித்த டோஃபு), ஒதென் (சாற்றில் கொதிக்கும் கலவை), சில ஊறுகாய்கள், தேன் சேர்த்த உமேபோஷியில் (உப்பிட்ட பழம்) சில வகைகள் என எல்லாவற்றுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். ‘மீன் இல்லை’ என்று கடைக்காரர் சொன்னால் மீன் துண்டு இல்லை என்று அர்த்தம், சாற்றை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்க வேண்டிய வாக்கியம்: ‘காட்சுவோ தாஷி ஹைத்தேமாசுகா?’ (காட்சுவோ சாறு சேர்ந்திருக்கிறதா?)

அவருக்குத் தோதானவை வெள்ளரி மாகி (சோற்றுச் சுருள்), ஸ்ட்ராபெர்ரி தைஃபுகு (அரிசி மாவும் பயறும்), வறுத்த தேநீர், பழம், வாட்டிய நோரி (கடற்பாசித் தாள்). நோரி வாங்கும்போது பொட்டலத்தின் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். ‘அஜித்சுகே’ என்ற சுவையூட்டிய வகையில் மீன் அல்லது இறால் சாறு இருக்கலாம். ஆக மொத்தம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு யென்னில் அடங்கும். சில பயணங்களில் சாப்பிடாமல் கூட வருபவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு. பதிவுக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். அன்று காலை நேரில் கேட்டால் நடக்காது, சாப்பாட்டுக்கு முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

தம்பி விஷயம் இதைவிடக் கவனமானது. இறால் ஒவ்வாதவர்களில் பலருக்கு நண்டும் ஒவ்வாது. ஜப்பானில் பொட்டலத்தில் அடைத்த உணவில் இறால், நண்டு, கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), முட்டை, பால், நிலக்கடலை, வால்நட் இவற்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் கடை முகப்பில் சுட்டுத் தருவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது, சந்தையில் தின்பதில் பெரும்பகுதி அதுதான். மாட்டிக்கொள்ளும் இடங்கள்: இறால் தலை போட்ட மிசோ சூப், அரைத்த மீனில் செய்த சத்சுமா ஆகே, டெம்புரா பொரிக்கிற எண்ணெய், எல்லா மீனும் வெட்டுகிற ஒரே பலகை. ஷிராசு என்ற பொடி மீனோடு குட்டி இறாலும் வலையில் ஏறிவிடும். ‘எபி அரெருகீ தெசு’ (இறால் ஒவ்வாமை) என்பதை ஜப்பானிய எழுத்தில் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை பையில் இருக்கட்டும்.

வால்வெட்டு

பச்சை மீன் பற்றி. இரண்டு ஆபத்துகளைப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று அனிசாகிஸ் புழு. கானாங்கெளுத்தி, கணவாய், சால்மன், சான்மா என்ற நீள மீன் இவற்றில் வரும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றில் கடும் வலி பிடிக்கும். எண்டோஸ்கோப்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். வினிகர், வசாபி, சோயா எதுவும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும். சந்தையில் விற்கும் சூரையில் பெரும்பகுதி மைனஸ் 60-இல் உறைந்து வந்தது. ‘உறைந்தது’ என்றதும் முகம் சுளிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது குறையல்ல. அக்டோபரில் சான்மா பருவம், பச்சையாகவும் வைப்பார்கள். அப்பாவுக்குச் சுட்டதே போதும்.

இரண்டாவது ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி வெப்பத்தில் கிடந்தால் உருவாகும், அப்புறம் சமைத்தாலும் போகாது. வாயில் வைத்ததும் நாக்கு சுருக்கென்று குத்தினால் துப்பிவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

சிப்பியில் ‘பச்சையாக உண்ண’, ‘சமைக்க’ என்று இரண்டு முத்திரை உண்டு. இது எவ்வளவு புதிதாகப் பிடித்தது என்பதைப் பற்றியதல்ல, வளர்ந்த கடற்பகுதியையும் சுத்திகரிப்பையும் பொறுத்தது. சமைக்கும் வகை அன்று காலை வந்திருந்தாலும் பச்சையாகத் தின்னக்கூடாது. உங்கள் அப்பா வயதுக்கும் சுகருக்கும் பச்சைச் சிப்பியை நான் கைநீட்டித் தடுப்பேன். மற்ற மீன் பற்றி அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை. அவருக்கு உண்மையான தொல்லை மீனைவிட உப்பும் சர்க்கரையும்: சோயா, மிசோ, ஊறுகாய், இகுரா (சால்மன் முட்டை) எல்லாம் உப்பு, விலாங்கின் மேல் பூசும் குழம்பு, டோக்கியோ பாணித் தமாகோயாகி, சூஷிச் சோறு மூன்றிலும் சர்க்கரை. (படிக்கிற கர்ப்பிணிகளுக்கு: பச்சை மீனை விடுங்கள், சமைத்தாலும் குரோமாகுரோ (நீலத்துடுப்புச் சூரை), மெபாச்சி (பெருங்கண் சூரை) வாரத்துக்கு ஒருமுறை 80 கிராம் அளவில் நிற்கட்டும் என்பது ஜப்பான் சுகாதார அமைச்சின் அறிவுரை. பாதரசம் காரணம்.)

இனி ருசி. பெரும்பாலோர் செய்யும் தப்பு, நுழைந்ததும் வெண்ணெய் போட்டுச் சுட்ட ஸ்காலப்பையும் வாக்யூ (ஜப்பானிய மாட்டிறைச்சி) குச்சியையும் வாங்கிவிடுவது. அதற்குப் பிறகு நாக்கு எதையும் பிரித்தறியாது. வாக்யூவுக்கும் இந்தச் சந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பயணியின் பைக்காக வந்தது. ஒழுங்கு இப்படி: வெள்ளை மீன், பிறகு சூரையின் அகாமி (கொழுப்பற்ற சிவப்பு), சூடோரோ (நடுத்தரக் கொழுப்பு), ஓடோரோ (அதிகக் கொழுப்பு, அடிவயிற்றின் முன்பகுதி), அப்புறம் இகுரா, உனி (கடல் முள்ளெலி), கடைசியில் சுட்டவை, இனிப்பு. அகாமியையும் ஓடோரோவையும் ஒரே மீனிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றால்தான் விஷயம் விளங்கும். எந்தச் சூரை என்றும் கேளுங்கள். மலிவான தட்டில் இருப்பது பெரும்பாலும் மெபாச்சியோ கிஹாதாவோ. கிஹாதா என்பது நம் கரையில் கேரை என்கிற அதே மீன்தான். அதற்குக் குரோமாகுரோ விலை கொடுக்காதீர்கள்.

அக்டோபரில் இகுராவுக்குக் காசு செலவழியுங்கள், புது முட்டை வருகிற பருவம். உனிக்கு வேண்டாம். பெட்டி உனியில் உருக்குலையாமல் இருக்கப் படிகாரம் சேர்ப்பார்கள், அதனால் லேசான கசப்பு நிற்கும். முதன்முறை சாப்பிட்டு ‘உனி கசக்கும்’ என்று முடிவுகட்டியவர்கள் பலர் தின்றது படிகாரத்தை. உப்புநீரில் மிதக்கவிட்ட ‘என்சுய்’ வகை கிடைத்தால் மட்டும் பாருங்கள்.

சில்லறைக்காசு

என் கட்சி வேறு. நாலு பேருக்கு 40,000 முதல் 64,000 யென் வரை ஆகும். மேலே சொன்ன ஒழுங்கிலேயே நீங்களே சாப்பிட்டால் மீன் உண்கிற மூவருக்கு 15,000 யென்னில் வயிறு நிறையும். ஓயெதோ பாதையில் ட்சுகிஜிஷிஜோ நிலையம், ஏ1 வாசல். ஹிபியா பாதையில் ட்சுகிஜி நிலையம், 1-ஆம் வாசல். கூகுள் மொழிபெயர்ப்பு இருக்கிறது. வழிகாட்டி இல்லாமல் போனால் இவை மட்டும் நினைவிருக்கட்டும்.

நடந்துகொண்டே தின்னக்கூடாது, வாங்கிய கடை முன்னாலேயே நின்று முடித்துவிட்டுக் குச்சியையும் தட்டையும் அந்தக் கடையிலேயே கொடுக்க வேண்டும். பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போனால் வாங்கமாட்டார்கள். மீனைத் தொடாதீர்கள். பெட்டி உருட்டிக்கொண்டு வராதீர்கள். ஆயிரம் யென் தாள்கள் வேண்டும், சின்னக் கடைகளில் அட்டை ஓடாது. கடையில் உட்கார்ந்தால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8; விலைப்பலகையில் இரண்டு விலை இருப்பது அதனால்தான், ஏமாற்று இல்லை. டிப்ஸ் கொடுக்காதீர்கள்.

நெய்தல்

சில்லறைக்காசு சொல்வது இரண்டாம் முறை போகிறவர்களுக்குச் சரி. ஒவ்வாமை உள்ள ஒருவரையும் தாஷி கூடாத ஒருவரையும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்புச் செயலியை நம்பினால் கடைக்காரர் ‘தாய்ஜோபு’ என்பார். அது ‘பரவாயில்லை’யா, ‘இறால் இல்லை’யா என்று செயலிக்குத் தெரியாது.

அக்டோபர்_பயணி

சரி, இப்படிச் செய்யலாமா: நானும் தம்பியும் மட்டும் பயணத்தில் சேர்கிறோம். அப்பாவும் மனைவியும் தனியாகச் சுற்றிவிட்டு 11:30-க்கு எங்களோடு சேர்ந்துகொள்ளட்டும்?

தாஷி_ரசிகை

அதுதான் நல்லது. அவர்கள் இருவரும் 9:30-க்கு மேல் வந்தால் போதும். ஹோங்கான்ஜியில் கொஞ்ச நேரம், பிறகு ட்சுகிஜி உவோகாஷி கட்டடம்: கீழே டொயோசு இடைமொத்த வியாபாரிகளின் சில்லறைக் கடைகள், மேலே உட்கார்ந்து சாப்பிடுகிற கூடம். சந்துகளில் இருக்கை கிடைப்பது அரிது, கழிப்பறைக்கும் இந்தக் கட்டடத்தையே நம்புங்கள். சேரும் இடத்தையும் இங்கேயே வையுங்கள். ‘சந்தை வாசல்’ என்று சொன்னால் தேட வேண்டிவரும், இந்தச் சந்தைக்கு வாசல் என்று ஒன்று கிடையாது.

வால்வெட்டு

நீங்கள் இருவரும் அன்று காலை ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். கத்தி வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். காட்சுவோபுஷி வாங்கினால் சீவியதை வேண்டாமென்று கட்டையாக வாங்கத் தோன்றும். சீவுகிற பெட்டி வீட்டில் இல்லையென்றால் அது அம்மிக்கல் மாதிரி அலமாரியில் கிடக்கும். சீவலாகவே வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் வையுங்கள்.