நிச்சயதார்த்தக் கணவாயும் கடல் பேனாவும்

மேரி அத்தை: சகாயத்தின் இழுவை மடி வலையில் ஏறிய இறகு மாதிரியான ஒன்று இருட்டில் ஒளி விட்டதாம். அது விஷச் செடி, அதோடு வந்த கணவாய் மீனைச் சமைக்கக் கூடாது என்று குளச்சல் முழுவதும் பேச்சு. நாளை நிச்சயதார்த்தத்துக்கு அந்தக் கணவாயைத்தானே சொல்லி வைத்திருக்கிறோம்?

ஜெனி: படம் பார்த்தேன் அத்தை. அழகாகத்தான் இருக்கிறது.

லூர்து சித்தப்பா: அது செடி அன்று. கடல் பேனா எனப்படும் அது, பல சிற்றுயிர்கள் ஒன்றாய் ஒட்டி வாழும் விலங்குக் கூட்டம், பவளத்துக்கு உறவு. முதலில் வந்து மணலில் ஊன்றும் ஒற்றை உயிரே நீண்டு தண்டாகிறது. அதன் அடிப்பாகம் நீரேறி உப்பிச் சேற்றைப் பற்றிக்கொள்ள, மேற்பாகத்தில் மொட்டுவிட்டுப் பிறக்கும் மற்ற உயிர்கள்தாம் இறகாகத் தெரிகின்றன. அவற்றுள் எட்டுக் கை விரித்து இரை பிடிப்பவை ஒரு வகை; நீரை உள்ளிழுத்து உடல் முழுதும் ஓட்டுபவை இன்னொரு வகை. பிடித்த இரையின் சத்து உட்குழாய்கள் வழியே எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மேரி அத்தை: ஒருவர் பிடிக்க எல்லோரும் உண்பது நம் குடும்பத்திலும் உண்டு. படகுக் கடனைக் கட்டியவர் யார் என்று நான் சொல்லவில்லை.

சகாயம்: அந்தக் கணக்கு இங்கே எதற்கு அத்தை? சித்தப்பா, விரலால் தொட்டதும் அந்த இடத்திலிருந்து ஒளி நுனிவரை ஓடியதே, அது என்ன?

லூர்து சித்தப்பா: கூட்டம் முழுவதும் ஒரே நரம்பு வலையால் இணைந்திருப்பதால், ஓரிடத்துத் தொடுகை அலையாகப் பரவி ஒவ்வோர் உயிரையும் ஒளிரச் செய்கிறது. எதிரியை மிரட்டவே இந்த ஒளி என்பர். அதற்குக் கொட்டும் செல்கள் உண்டு, ஆனால் அவை சிற்றிரையைப் பிடிப்பதற்கானவை; கணவாயின் சதையில் நஞ்சாக ஊறுவதில்லை. எனக்கு வருத்தம் வேறு. பெரிங் கடலில் எடுத்த கடல் பேனாக்களின் நடுத்தண்டிலுள்ள வளையங்களை எண்ணியபோது, பெரியவற்றுக்கு ஏறத்தாழ 50 வயது என்று தெரிந்தது. இழுவை மடி ஒருமுறை உழுதுபோனால் அத்தனை ஆண்டும் போயிற்று.

சகாயம்: இதைச் சொல்லத்தான் இவ்வளவு பாடமா? இழுவைப் படகைக் குறை சொல்லும் வள்ளக்காரர் பேச்சு மாறவே மாறாது.

ஜெனி: கணவாய் உண்டா, இல்லையா?

மேரி அத்தை: மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்கும் பேச்சு எட்டிவிட்டது. கேட்டுச் சொல்கிறேன், அதுவரை ஐஸில் வை.

சகாயம்: ஐஸ் காசு யார் தருவது?