சோலார் போட்ட பிறகு பில் கூடிவிட்டது, மானியமும் வரவில்லை. அவசரம்

மொட்டைமாடி:
வணக்கம். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் சோலார் போட்டோம். 30 நாளில் 78,000 ரூபாய் அக்கவுண்டுக்கு வந்துவிடும் என்றார்கள், ஒரு பைசா வரவில்லை. அதைவிடக் கொடுமை, இந்த முறை கரண்ட் பில் முன்பைவிட அதிகம். சோலார் இன்வெர்ட்டரில் தினமும் உற்பத்தி நன்றாகத்தான் காட்டுகிறது, வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவும் இல்லை. யாரிடம் புகார் செய்வது? பில் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது.

திண்ணை:
எத்தனை கிலோவாட்? எந்த ஊர்? இணைப்பு யார் பெயரில்? எதுவுமே சொல்லாமல் சீக்கிரம் சொல் என்றால் எப்படி?

தென்னந்தோப்பு:
நிழல்தான். தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே உற்பத்தி இறங்கிவிடும். மாலை 3 மணிக்கு மாடியேறிப் பாருங்கள்.

யூனிட்கணக்கு:
அவர்தான் இன்வெர்ட்டரில் நன்றாகக் காட்டுகிறது என்கிறாரே. டிசிஆர் பேனலா? இந்தியாவில் செய்த செல் இருந்தால்தான் மானியம்.

மொட்டைமாடி:
3 கிலோவாட். மதுரை. இணைப்பு என் பெயரில்தான். டிசிஆர் சான்றிதழ் கையில் இருக்கிறது.

மின்கம்பம்:
இதையெல்லாம் இங்கே எத்தனையோ தடவை எழுதியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. அந்த 78,000 எப்படி வருகிறது என்றாவது தெரியுமா? முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் தொகை ஏறாது. 2024இல் திட்டம் வந்ததிலிருந்து போர்ட்டலிலேயே கிடக்கிறது.

சுண்டல்:
அண்ணே, அவர் கேட்டது அது இல்லையே. மொட்டைமாடி, லைனிலிருந்து எடுப்பதையும் லைனுக்கு அனுப்புவதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் மாட்டினார்களா, பழைய மீட்டரேதானா?

கைவிசிறி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு செலவுக்கு முன்னால் வீட்டில் என்ன ஓடுகிறது என்று பார்த்தீர்களா? பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் முடித்துவிடும். நாலு ஃபேன் 15 மணி நேரம் ஓடினால் தினமும் 2.7 யூனிட் மிச்சம், இரண்டு மாத பில்லுக்கு 160 யூனிட்டுக்கு மேல். ஆனால் கரண்ட் தயாரித்தால்தான் கையில் காசு, மிச்சம் பிடித்தால் சபாஷ் மட்டும்.

மின்கம்பம்:
தவறு. 2015இல் எல்இடி பல்பை மலிவாகத் தரும் அரசின் உஜாலா திட்டம் வந்துதான் பல்பு விலையே இறங்கியது. நட்சத்திர முத்திரை எதற்கு ஒட்டுகிறார்கள், அழகுக்கா?

கைவிசிறி:
முத்திரை ஒட்டுவது வேறு, பணம் தருவது வேறு சார். வெயில் சூடு இறங்காமலிருக்க என் மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க 30,000 யார் தருகிறார்கள்?

தென்னந்தோப்பு:
பேனல் போட்டாலே மாடிக்கு நிழல்தானே.

மொட்டைமாடி:
மீட்டர் பழையதுதான். மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

சுண்டல்:
அப்போது இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றுதான். பழைய டிஜிட்டல் மீட்டர்களில் நிறைய, கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கித்தான் எண்ணும். பகலில் நீங்கள் லைனுக்கு அனுப்பியதெல்லாம் நீங்கள் செலவழித்ததாக ஏறியிருக்கும். வெயில் நன்றாக இருக்கும்போது சோலாரை மட்டும் ஓடவிட்டு வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் எண்ணும்போது மின்னும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மின்னுகிறதா பாருங்கள். மானியமும் அப்படித்தான். நெட் மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்து, சோலார் முறைப்படி இயக்கத்துக்கு வந்தது என்ற கமிஷனிங் ரிப்போர்ட் போர்ட்டலில் ஏறிய பிறகுதான் வங்கி விவரம் கொடுக்க முடியும். உங்கள் 30 நாள் இன்னும் தொடங்கவே இல்லை.

யூனிட்கணக்கு:
அதுவரை இன்வெர்ட்டரை அணைத்து வையுங்கள், அனுமதி கிடைக்காமல் லைனோடு சேர்த்து ஓட்டக் கூடாது. பில்லைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். இன்வெர்ட்டர் ரீடிங், மீட்டர் ரீடிங் இரண்டையும் படமெடுத்து பிரிவு அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீதும் வாங்குங்கள்.

மொட்டைமாடி:
மின்னுகிறது, அதுவும் வேகமாக. சோலார் போட்டவர் "அப்ளை பண்ணியாச்சு சார்" என்கிறார்.

சுண்டல்:
அவர் சொல்வதை விடுங்கள். போர்ட்டலில் நீங்களே உள்ளே போய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

பூந்தொட்டி:
இதிலேயே ஒரு சந்தேகம். கரண்ட் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடுகிறது, ரிப்பேரா?

திண்ணை:
ரிப்பேர் இல்லை. லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அது தானாகவே நின்றுவிடும். பேட்டரி இருக்கிறதா?

மின்கம்பம்:
தனி இழை திறக்கவும்.