சாப்பாட்டு மேசைக்கு மேல் மூன்று தொங்கு விளக்குகள்: யோசனை தேவை

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டில், ஆறடி நீளமுள்ள சாப்பாட்டு மேசைக்கு மேலே மூன்று தொங்கு விளக்குகளை வரிசையாக அமைக்க விரும்புகிறோம்.

மேசைப் பரப்பிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எதிரே அமர்ந்திருப்பவரின் முகம் மறையாது என்பதும், வரிசையின் நீளம் மேசையின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்குவது நல்லது என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் கணக்குகள். எங்கள் சிக்கலோ கூரையில் இருக்கிறது. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளம் என்பதால் நினைத்த இடத்தில் துளையிட இயலாது. கட்டைகள் மேசைக்குக் குறுக்காகச் செல்வதோடு, அவற்றின் இடைவெளியும் சீராக இல்லை. இரண்டு கட்டைகளுக்கிடையே நீளவாக்கில் ஒரு தேக்குப் பலகையைப் பொருத்தி, அதிலிருந்து மூன்றையும் சம இடைவெளியில் இறக்கலாம் என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார். அவ்வாறு செய்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

அருகிலேயே மின்விசிறியும் ஓடும். மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவது இந்த ஊரில் நடக்காத காரியம். காற்றில் கண்ணாடிக் கூடுகள் ஆடி ஒன்றோடொன்று மோதாதிருக்க, ஒயருக்குப் பதிலாகக் குழாய்த்தண்டில் தொங்கவிடுவது போதுமா, அல்லது இடைவெளியையும் கூட்ட வேண்டுமா? கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதால் பித்தளையைக் கருதுகிறோம். அது கறுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் எல்.இ.டி. பல்புகளை முடிவு செய்துவிட்டோம். கடற்கரையோர வீடுகளில் இத்தகைய விளக்குகளைப் பொருத்தியவர்கள் படங்களுடன் பதிலளித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.