லாரி ஏசி போச்சு, வாரண்டியும் போச்சு: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சங்ககிரி 12 வீல்

வாரண்டி முடிந்து மாதம்கூட ஆகவில்லை, ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசர் போய்விட்டது. எஸ்டிமேட் 46,800. பணத்தைவிட வயிற்றெரிச்சல் வேறு. வாரண்டி இருக்கும்போதே சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "கூலிங் குறையுது, பாருங்க" என்று சொல்லித்தான் விட்டேன். ஏசி கேஸ் அடித்து அனுப்பிவிடுவார்கள். ஈரோட்டில் மஞ்சள் ஏற்றி நாக்பூர் கிளம்பினால், கர்னூல் தாண்டுவதற்குள் மறுபடி வெறும் காற்று.

எஸ்டிமேட் வாங்கப் போன அன்று அட்வைசர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சர்வீஸுக்கு விடும்போது அவர்கள் எழுதின பழைய ஜாப் கார்டு. புகார் என்ற இடத்தில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் இருக்கிறது. கூலிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கேஸ் அடித்ததும் இல்லை. "நீங்க சொன்னதா இதுல இல்லையேண்ணா" என்றார், சிரித்துக்கொண்டே. போன தடவை கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்த பையன் பக்கத்திலேயே நிற்கிறான். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

வாரண்டி முடிந்த பிறகு கம்பெனியிடம் பேசி யாராவது பாதியாவது வாங்கியிருக்கிறீர்களா?

அடிலாபாத் லைன்

அண்ணா, உங்களுக்கு எஸ்டிமேட்டாவது வந்தது. நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். ஏசி வேலை செய்யவில்லை என்று போன் போட்டால் எங்கள் முதலாளி சொன்னது: "ஏசி டீசல் குடிக்கும், கண்ணாடியை இறக்கிட்டு ஓட்டு."

மே மாதம், அடிலாபாத் தாண்டி மதிய நேரம். கண்ணாடியை இறக்கினால் அனல் காற்று முகத்தில் அறைகிறது. ஏற்றினால் இன்ஜின் சூடு காலுக்கு அடியில் இருந்து கிளம்புகிறது. துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டேன், அடுத்த டோலுக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வியர்ப்பது நின்றது. அதுதான் பயந்த இடம். முன்னால் போகிற ட்ரெய்லர் இரண்டாகத் தெரிகிறது. ஒரு டாபாவில் ஓரங்கட்டி, கிளீனர் பையன் தலையில் தண்ணீர் ஊற்றி, மோர் வாங்கிக் கொடுத்தான்.

லோடு லேட் என்று பிடித்தம் போட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பரமத்தி ரோடு பட்டறை

நான் ஏசி வேலை மட்டும் பார்க்கிறவன். போன வாரம் ஒரு டிப்பர் வந்தது, ஜல்லி லைன் வண்டி. வேறு கடையில் புது கம்ப்ரசர் போட்டு அது உடனே மறுபடி போயிருக்கிறது. கழற்றி ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றினேன். கறுப்பு, அதில் வெள்ளிப்பொடி தூவியதுபோல் இரும்புத் துகள் மினுக்குகிறது. ஓனர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பீடி பற்றவைக்கப் போய்விட்டார். சரி, என் கதை அவ்வளவுதான்.

இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். ஏசி கேஸ் டீசல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அடைத்த பைப்புக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. சீக்கிரம் சீக்கிரம் குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஏசியில் அடிக்கிற ஆர்-134ஏ கேஸுக்கு மூக்கில் படுகிற வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கேஸோடு கொஞ்சம் ஆயிலும் கசியும். ஹோஸ் பிரஸ் பண்ணின இடம், ஓரிங் ஜாயிண்ட், சூட்டை வெளியே விடுகிற கண்டன்சரின் மூலை, இங்கெல்லாம் தூசி பிடித்துக் கறுப்புப் பிசுக்காக இருந்தால் அங்கேதான் கை வைக்க வேண்டும். கேஸை இறக்கிவிட்டு நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் அங்கே கசிந்தால் மட்டும் கஷ்டம், பாதி டேஷைக் கழற்ற வேண்டும். அதனால்தான் பலபேர் அதைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்புகிறார்கள்.

கேஸ் குறைந்தே ஓடினால் ஆயிலும் சரியாகத் திரும்பாது. கம்ப்ரசருக்கு அந்த ஆயில்தான் உயிர். சங்ககிரி அண்ணன் வண்டி அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கம்ப்ரசர் உள்ளே அரைத்துப் போனால் துகள் லைன் முழுக்கப் பரவும். பைப்பை ஃப்ளஷ் பண்ணாமல், ஈரம் உறிஞ்சுகிற ட்ரையரையும், கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடுகிற எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மாற்றாமல் புதுசு போட்டால் அதுவும் போகும். இப்போது வருகிற கண்டன்சர் நிறைய மெல்லிய துளை உள்ளது, ஃப்ளஷ் பண்ணினாலும் முழுசாகச் சுத்தமாகாது, மாற்றுவதுதான் நல்லது. அப்புறம் வேக்குவம் போட வேண்டும், அதாவது உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். பத்து நிமிஷம் போட்டுவிட்டு மெஷினை நிறுத்துகிற கடையில் வண்டியை விடாதீர்கள். உள்ளே ஈரம் நின்றால் வால்வில் ஐஸ் கட்டும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும், நிறுத்தின பிறகு பிரஷர் காட்டுகிற கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். விலை குறைவு என்று பேர் தெரியாத கேன் கேஸ் அடிக்கவிடாதீர்கள், சிலதில் எரிகிற கேஸ் கலந்திருக்கும். கேபினில்தான் தூங்குகிறீர்கள்.

மூன்றாம் கியர்

மேலே மாஸ்டர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் இந்த "எல்லாத்தையும் மாத்தணும்" பேச்சைக் கேட்டால் எனக்குப் பழைய கோபம் வருகிறது. என் வண்டியைப் பார்த்த ஏசி கடையிலும் கம்ப்ரசர், கண்டன்சர், ட்ரையர், வால்வு என்று 38,000 எழுதிக் கொடுத்தார்கள். கேஜ்கூட மாட்டிப் பார்க்கவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் பெரியவர் சும்மா எட்டிப் பார்த்தார். கம்ப்ரசர் முன்னால் இருக்கிற கிளச் தட்டைக் காட்டி, "சுவிட்சைப் போடு தம்பி" என்றார். போட்டேன். டக் என்று ஒட்டுகிற சத்தம் வரவில்லை. பிரஷர் சுவிட்சுக்குப் போகிற ஒயரை எலி கடித்திருக்கிறது. ஒட்டி டேப் சுற்றினார், டக் என்றது, ஐந்து நிமிஷத்தில் குளிர்ந்தது. 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முதலில் அந்த டக் சத்தத்தைக் கேளுங்கள். அப்புறம் எஸ்டிமேட்.

பரமத்தி ரோடு பட்டறை

தம்பி, நான் அரைத்துப்போன கம்ப்ரசரைப் பற்றிச் சொன்னேன். எலி கடித்த ஒயரைப் பற்றி இல்லை. கேஜ் மாட்டாமல் எஸ்டிமேட் எழுதுகிறவன் மெக்கானிக்கே இல்லை, அதில் உங்கள் கட்சிதான் நான்.

திருச்செங்கோடு செட்

அடிலாபாத் லைன் தம்பிக்கு: எல்லா ஓனரும் ஒரே மாதிரி இல்லை. டியூ, இன்சூரன்ஸ், எஃப்சி, டயர் எல்லாம் கட்டிவிட்டு மிச்சத்தில்தான் ஏசி. ஸ்பேர்ஸ் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இல் இருந்து 18 ஆனது உண்மைதான், ஆனால் 5 சதவீத வாடகைக் கணக்கில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இன்புட், அதாவது வாங்கும்போது கட்டின வரியைக் கழித்துக்கொள்வது, கிடையாது. கட்டுகிற வரி அத்தனையும் கைக்காசு.

அதற்காக ஏசியை அப்படியே விடலாம் என்று சொல்லவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று என் வண்டியிலேயே பார்த்தேன். சேலத்தில் இருந்து தர்மபுரி போகிற பக்கம், தொப்பூர் ஏற்றம். ஏசி போடவே இல்லை, ஆனால் கம்ப்ரசர் புல்லி பேரிங் இறுகிவிட்டது. டிரைவர் போனில் "ரப்பர் கருகுற வாசனை வருதுங்க" என்கிறார், சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் அறுந்தது. எனக்கு அந்த 'பட்' சத்தம் போனிலேயே கேட்டது. அந்த இன்ஜினில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் அதே பெல்ட்தான். ஏறுகிற வழியில் லோடு வண்டி நின்றுவிட்டது. நல்லவேளை, டிரைவர் உடனே இன்ஜினை அணைத்தார், இல்லாவிட்டால் ஹெட்டும் போயிருக்கும். கம்ப்ரசரை விட்டுவிட்டுச் சுற்றுகிற சின்ன பெல்ட் ஒன்று போட்டுத்தான் வண்டி நகர்ந்தது.

சங்ககிரி அண்ணா கேட்டதற்கு: பாதி கிடைக்கும். 'குட்வில்' என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பார்ட் விலையில் பாதி கொடுத்தார்கள், லேபர் என் கணக்கு. சர்வீஸ் சென்டரில் கேட்டால் அப்படி ஒன்றே இல்லை என்பார்கள். கம்பெனியின் ஏரியா ஆளுக்கு மெயில் போடுங்கள். எல்லா சர்வீஸும் அவர்களிடமே செய்த பில் இருந்தால்தான் பேச்சுக்கே வருவார்கள்.

நாமக்கல் பைபாஸ்

என்னுடையதில் வாரண்டி இருக்கும்போதே கை விரித்தார்கள். பாடி கட்டின இடத்தில் வெல்டிங் பொறி பட்டு ஹோஸ் போயிருக்கிறது என்று போட்டோ எடுத்துக் காட்டினார்கள். போட்டோவில் இருந்தது என் வண்டியே இல்லை. கேபின் கலர் வேறு. கேட்டதும் "மாறிப்போச்சுங்க" என்று போனை வாங்கிக்கொண்டார். ஆனால் கிளெய்ம் ரிஜெக்ட் மட்டும் மாறவே இல்லை.

இப்போதுதான் லாரிக்கு ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டதே, அதை வைத்து இவர்களை மடக்க முடியாதா?

கோர்ட் வாசல்

முடியாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கிற என்2, என்3 வண்டிகளுக்கு, அதாவது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் போகிற சரக்கு வண்டிகளுக்கு, கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு முன்னால் தயாரித்ததை அது தொடாது. கெட்டுப்போனால் யார் செலவு என்பது வாரண்டி புத்தகத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது.

ஆனால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. லாரி வியாபாரத்துக்கு வாங்கினது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று கம்பெனி வக்கீல் முதலில் அதைத்தான் எடுப்பார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கிச் சொந்தமாகப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். சங்ககிரி அண்ணன் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர் என்றால் தாராளமாகப் போகலாம். பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிற செட்டுக்காரர்களுக்குக் கஷ்டம். பிரச்சினை எழுந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் அடித்துப் புகார் பதியலாம், செலவில்லை. சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

வாரண்டியில் ஏசி கேஸ் அடித்ததற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப்பில் அட்வைசருக்கு அனுப்பின மெசேஜ், அன்றைய கேட் பாஸ், எதுவானாலும் சரி.

சங்ககிரி 12 வீல்

மெசேஜ் இருக்கிறது! "சார் ஏசி மறுபடி கூலிங் இல்லை, கர்னூல்ல இருக்கேன்" என்று போட்டு, அவர் கட்டை விரல் காட்டியிருக்கிறார். தேதியோடு. வாரண்டிக்கு உள்ளே. இன்றைக்கே ஏரியா ஆளுக்கு மெயில் போடுகிறேன். அதுவரை வண்டியை அங்கே பிரிக்கவிட மாட்டேன். திருச்செங்கோடு அண்ணா, அந்தச் சின்ன பெல்ட் அளவு இருந்தால் போடுங்கள், டிரிப் நிற்கிறது.

திருச்செங்கோடு செட்

இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். பழைய பெல்ட் நம்பரோடு ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள், கம்ப்ரசர் விட்டுப் போடணும் என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

அடிலாபாத் லைன்

திருச்செங்கோடு ஓனர் சொன்ன கணக்கெல்லாம் புரிகிறதுங்க. எங்கள் முதலாளி கார் ஏசிக்கும் இதே கணக்கு பார்ப்பாரா என்று மட்டும் தெரியவில்லை.