சூடானா மட்டும் செல்ஃப் எடுக்கல, யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வண்டி 1998 மாடல், கார்பரேட்டர் வச்ச பெட்ரோல் கார். காலையில ஒரே செல்ஃப்ல கிளம்பிடும். வெயில்ல ஓட்டிட்டு கடை வாசல்ல நிறுத்தி, திரும்ப வந்து சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அதுவும் எப்பவும் இல்ல. மெக்கானிக் முன்னாடி மட்டும் சமத்தா ஸ்டார்ட் ஆகுது!

பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது. 'டக்' சத்தம் வரும்போது ஹெட்லைட் மங்கவே இல்ல, அதனால பேட்டரி மேல எனக்குச் சந்தேகம் இல்ல. டெர்மினல் சுரண்டி, எர்த் ஒயரும் மாத்தியாச்சு. செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால லேசா தட்டினா சில நேரம் எடுத்துக்குது.

மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துக்கு கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்குமா, இல்ல சாவியைத் திருப்பினதும் மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச், அதான் சோலனாய்டு, அதோட காண்டாக்ட் கருகியிருக்குமா? கழட்டாம கண்டுபிடிக்க வழி உண்டா? மெக்கானிக் முழு மோட்டாரையும் மாத்தச் சொல்றார். பிரஷ் செட் மட்டும் போட்டு ஓட்டினவங்க இருந்தா சொல்லுங்க.